ரெண்டும் 155 சிசி, ரெண்டுக்கும் ஃபேரிங் இருக்கு: அப்புறம் ஏன் ஒன்னு 13 பிஎஸ், இன்னொன்னு 18 பிஎஸ்?

2025 செப்டம்பர் 22ல இருந்து பைக்குக்கு ஜிஎஸ்டி மாறிடுச்சு, 350 சிசி வரைக்கும் 28லிருந்து 18 சதவீதமா குறைஞ்சுது, 350க்கு மேல 40 சதவீதமா ஏறுச்சு. அதுலயிருந்து சின்ன ஸ்போர்ட்ஸ் பைக் பாக்குறவங்களுக்கு ரெண்டு குழப்பம். ஒன்னு, 350ங்கிறது என்ன கணக்கு, அதுக்கு கீழ இருக்கிறதெல்லாம் "சின்ன" பைக்கா? ரெண்டாவது இதைவிடப் பழைய குழப்பம்: ஷோரூம்ல பக்கத்து பக்கத்துல நிக்கிற மாதிரி ரெண்டு ஃபுல் ஃபேரிங் (முன்னாடியும் பக்கவாட்டுலயும் மூடுற பிளாஸ்டிக் கூடு) பைக், சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப், யமஹா ஆர்15, ரெண்டும் 155 சிசி, ரெண்டும் பாக்க ரேஸ் பைக் மாதிரியே இருக்கு, ஆனா விலைல பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம், பவர்ல கிட்டத்தட்ட 5 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரி ஒரு அளவு) வித்தியாசம். சிசி ஒன்னுதானே, அப்புறம் எங்கிருந்து வருது இது?

ரெண்டாவது கேள்விய முதல்ல முடிச்சுட்டு வரிக்கு வருவோம், ஏன்னா அது புரிஞ்சா இது பாதி தானா புரிஞ்சிடும்.

சிசின்னா வாளியோட அளவு, அவ்ளோதான்

கிணத்துல தண்ணி இறைக்கிறத நெனச்சுக்கோங்க. வாளி எவ்ளோ பெருசுங்கிறதுதான் சிசி, அதாவது சிலிண்டரோட கொள்ளளவு. ஒவ்வொரு தடவையும் வாளி எவ்ளோ ரொம்பி வருதுங்கிறது டார்க், அதாவது எஞ்சினோட திருகு விசை. நிமிஷத்துக்கு எத்தனை தடவை இறைக்கிறீங்கங்கிறது ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்து. கடைசில நிமிஷத்துக்கு தொட்டில எவ்ளோ தண்ணி விழுந்துச்சுங்கிறதுதான் பவர். ஒரே அளவு வாளிய வெச்சுக்கிட்டு ஒருத்தர் நிதானமா இறைக்கிறாரு, இன்னொருத்தர் வெறி புடிச்ச மாதிரி இறைக்கிறாரு, தொட்டி ரொம்புற வேகம் ஒன்னாவா இருக்கும்?

இதை கணக்காவே பாக்கலாம். டார்க்கை நியூட்டன் மீட்டர்ல எடுத்து ஆர்பிஎம்மால பெருக்கி 7,023ஆல வகுத்தா பிஎஸ் கணக்குல பவர் வந்துடும். ஸ்பெக் ஷீட்ல இருக்கிற நம்பரையே போட்டுப் பாருங்க:

1. ஜிக்ஸர் எஸ்எஃப்: அதிகபட்ச டார்க் 13.8 நியூட்டன் மீட்டர், 6,000 ஆர்பிஎம்ல. அதிகபட்ச பவர் 13.6 பிஎஸ், 8,000 ஆர்பிஎம்ல.
2. ஆர்15 (2021ல வந்த வி4): அதிகபட்ச டார்க் 14.2 நியூட்டன் மீட்டர், 7,500 ஆர்பிஎம்ல. அதிகபட்ச பவர் 18.4 பிஎஸ், 10,000 ஆர்பிஎம்ல.

டார்க்ல பாத்தீங்கன்னா வித்தியாசம் வெறும் 0.4. அதாவது வாளி ரொம்புறது ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒன்னுதான். ஆனா ஜிக்ஸர் 8,000ல இருக்கும்போது டார்க் 12க்கு இறங்கிடுது, அதுக்கு மேல மூச்சு வாங்குது. ஆர்15 10,000ல கூட 12.9 வெச்சிருக்கு. 12.9ஐ 10,000ஆல பெருக்கி 7,023ஆல வகுங்க, 18.4 வரும். மொத்த ரகசியமும் இதுதான், வேகமா சுத்துது, சுத்தும்போது டார்க்கை விடாம புடிச்சு வெச்சிருக்கு.

அதனால ஸ்பெக் ஷீட்ல "18.4 பிஎஸ்"ங்கிறத மட்டும் படிக்காதீங்க, பக்கத்துல சின்ன எழுத்துல "@ 10,000" போட்டிருப்பாங்க பாருங்க, அதுதான் பைக்கோட குணம்.

10,000 ஆர்பிஎம் சும்மா வராது

10,000 ஆர்பிஎம்னா கிராங்க் (பிஸ்டன் மேல கீழ போறத சுத்தா மாத்துற தண்டு) ஒரு சுத்து சுத்த 6 மில்லி செகண்ட். அதுல பாதி, அதாவது 3 மில்லி செகண்ட் தான் காத்தும் பெட்ரோலும் உள்ள வர்றதுக்கு கிடைக்கிற நேரம். கண்ணு ஒரு தடவை சிமிட்டுறதுக்குள்ள இந்த வேலை பத்து தடவைக்கு மேல நடந்து முடிஞ்சிருக்கும். இந்த நேரத்துக்குள்ள சிலிண்டர் ஒழுங்கா ரொம்பணும், ரொம்பினது ஒழுங்கா எரியணும், எரிஞ்ச சூடு வெளிய போகணும், இதையெல்லாம் தாங்குற மாதிரி உள்ள இருக்கிற பார்ட்ஸ் இருக்கணும். காசு போறது இந்த நாலு இடத்துலதான்.

1. போரும் ஸ்ட்ரோக்கும். போர்ங்கிறது சிலிண்டரோட விட்டம், ஸ்ட்ரோக்ங்கிறது பிஸ்டன் மேல கீழ போற தூரம். ஜிக்ஸர்ல 56 மில்லிமீட்டர் போர், 62.9 ஸ்ட்ரோக், ஒல்லியா உயரமா. ஆர்15ல 58க்கு 58.7, கிட்டத்தட்ட சதுரம். ஸ்ட்ரோக் குறைஞ்சா பிஸ்டன் ஒவ்வொரு சுத்துக்கும் போக வேண்டிய தூரம் குறையும், அதனால வேகமா சுத்த விடலாம், அதோட போர் அகலமானா பெரிய வால்வு வைக்க எடம் கிடைக்கும். கேடிஎம் ஆர்சி 200ல இது இன்னும் பச்சையா தெரியும், 72க்கு 49, சின்ன தட்டு மாதிரி இருக்கும் அந்த பிஸ்டன். பஜாஜ் பல்சர் ஆர்எஸ் 200லயும் அதே 72க்கு 49தான்.

2. பிஸ்டன் வேகம். ஸ்ட்ரோக்கை ரெண்டால பெருக்கி செகண்டுக்கு எத்தனை சுத்துன்னு பெருக்கினா பிஸ்டனோட சராசரி வேகம் வந்துடும். ஜிக்ஸர் 8,000ல செகண்டுக்கு 16.8 மீட்டர். ஆர்15 10,000ல 19.6 மீட்டர். ஒவ்வொரு தடவையும் மேலயும் கீழயும் போய் முழுசா நின்னு திரும்பணும், அப்ப கனெக்டிங் ராடு, பேரிங், பிஸ்டன் எல்லாமே லேசாவும் இருக்கணும் ஸ்ட்ராங்காவும் இருக்கணும், அந்த ரெண்டும் சேந்து வேணும்னாலே விலை ஏறிடும். வேற மாதிரியும் இதை சாதிக்கலாம், 2020ல இந்தோனேசியால வந்த கவாசாகி இசட்எக்ஸ் 25ஆர் 250 சிசிய நாலு சிலிண்டரா பிரிச்சிடுச்சு, ஸ்ட்ரோக் வெறும் 31.8, ரெட்லைன், அதாவது எஞ்சின் சுத்தலாம்ங்கிற எல்லை, 17,000 ஆர்பிஎம். சத்தம் கேட்டா விசில் அடிக்கிற மாதிரி இருக்கும். ஆனா நாலு பிஸ்டன், பதினாறு வால்வுன்னா விலை எங்க போகும்னு சொல்ல வேண்டியதில்ல.

3. வால்வு. ஜிக்ஸர்ல ரெண்டு வால்வு, காத்து உள்ள வர ஒன்னு, புகை வெளிய போக ஒன்னு. ஆர்15ல நாலு. அது போக விவிஏன்னு ஒன்னு இருக்கு. வால்வை தொறந்து மூடுற கேம்ல மேடு மாதிரி ஒரு பகுதி இருக்கும், அந்த மேடு சின்னதா இருந்தா கம்மி ஆர்பிஎம்ல நல்லா இழுக்கும், பெருசா இருந்தா அதிக ஆர்பிஎம்ல நல்லா இழுக்கும், ரெண்டையும் ஒரே மேட்டுல வாங்க முடியாது. யமஹா என்ன பண்ணுச்சுன்னா இன்டேக், அதாவது காத்து உள்ள வர்ற பக்கம் ரெண்டு மேடு வெச்சு, சுமார் 7,400 ஆர்பிஎம்ல ஒரு சின்ன பின் உள்ள நகந்து பெரிய மேட்டுக்கு மாத்திவிடுது. ஓட்டும்போது மீட்டர்ல விவிஏன்னு ஒரு சின்ன விளக்கு எரியும், அதே நேரம் எஞ்சின் சத்தமும் லேசா மாறும், புதுசா வாங்குனவங்க மொத வாரம் முழுக்க அந்த விளக்கை எரிய வைக்கத்தான் ஓட்டுவாங்க.

4. சூடு. ஜிக்ஸர் ஏர் கூலிங், காத்து பட்டு ஆறுறது. ஆர்15, கேடிஎம் ஆர்சி, டிவிஎஸ் ஆர்ஆர் 310 எல்லாம் லிக்விட் கூலிங், ரேடியேட்டர், கூலண்ட், ஃபேன் எல்லாம் இருக்கும். இது சூட்டை குறைக்கிறதுக்கு மட்டும் இல்ல, சூட்டை ஒரே அளவுல வெக்கிறதுக்கு. சூடு கட்டுப்பாட்டுல இருந்தா கம்ப்ரெஷனை, அதாவது எரியறதுக்கு முன்னாடி கலவைய அமுக்குற அளவை, ஏத்தலாம், ஆர்15ல 11.6க்கு 1 வரைக்கும் ஏத்தியிருக்காங்க, அதுக்கு சாதாரண பங்க் பெட்ரோலே போதும், ஸ்பெஷல் பெட்ரோல் போட்டா பவர் கூடும்னு சொல்றத நம்பி காசு செலவு பண்ண வேணாம்.

இதோட கியரும் சேரணும். பவர் மேல மட்டும் இருக்கிற எஞ்சினுக்கு அந்த மேல்பகுதிலயே நிக்க வைக்க கியருக்கு கியர் இடைவெளி கம்மியா இருக்கணும், அதான் ஆர்15ல ஆறு கியர், ஜிக்ஸர்ல அஞ்சு.

ஃபேரிங் அழகுக்கா?

பாதி அழகுக்குதான், மறுக்க முடியாது. ஆனா மீதி பாதி உண்மை, அதுவும் சின்ன எஞ்சினுக்குத்தான் அது ரொம்ப உண்மை. காத்து எதுக்குற விசை வேகத்தோட வர்க்கமா ஏறும், அதை தாண்டிப் போக வேண்டிய பவர் கனமா ஏறும். 60ல போறதுக்கும் 120ல போறதுக்கும் காத்துக்கு மட்டும் எட்டு மடங்கு பவர் வேணும். 200 பிஎஸ் லிட்டர் பைக்குக்கு (1000 சிசி) இது கண்ணுல படாத செலவு, 18 பிஎஸ் பைக்குக்கு சம்பளம் முழுக்க வாடகைக்கே போற மாதிரி. டேங்க்ல படுத்து ஹெல்மெட்டை கண்ணாடிக்கு பின்னாடி மறைச்சா ஸ்பீடோமீட்டர் முள்ளு இன்னும் கொஞ்சம் நகரும், நிமிந்து உக்காந்தா அப்படியே நின்னுடும். யமஹா எம்டி15லயும் ஆர்15 எஞ்சின்தான், அதே 18.4 பிஎஸ், ஆனா ஃபேரிங் கிடையாது, ஹேண்டில்பார் உயரம், கியரிங் குட்டையா வெச்சிருக்காங்க. சிக்னல்ல இருந்து கெளம்புறதுல எம்டி சுறுசுறுப்பா தெரியும், ஹைவேல மேல போகப் போக ஆர்15 தாண்டிப் போயிடும்.

ஃபேரிங் மட்டும் வெச்சு ஸ்போர்ட்ஸ்னு சொல்ற பைக்கை "ஃபேக்"னு திட்டுற பழக்கம் ஒன்னு இருக்கு, அது எனக்கு சரியா படல. ஜிக்ஸர் எஸ்எஃப் மாதிரி வண்டி டெய்லி ஆபீஸ் போறவருக்கு நல்ல வண்டி, கீழ டார்க் இருக்கு, சீட்டும் கொஞ்சம் தாழ்வு. அது ஸ்போர்ட்ஸ் டூரரோட (வேகமும் தூரப் பயண வசதியும் சேந்த வண்டி) தம்பி, ரேஸ் பைக்கோட தம்பி இல்ல, அதை தெரிஞ்சு வாங்குனா பிரச்சனையே இல்ல.

பிரேம், டயர்

எஞ்சினைப் பத்தி பேசுற அளவுக்கு இதைப் பத்தி யாரும் பேசறதில்ல, ஆனா இருங்காட்டுக்கோட்டை டிராக்ல, அந்த 3.7 கிலோமீட்டர்ல, சின்ன பைக் நேரம் எடுக்கிறது ஸ்ட்ரெய்ட்ல இல்ல, வளைவுல. பவர் கம்மிங்கிறதால வளைவுல வேகத்தை விட்டா திரும்ப புடிக்க நேரம் ஆகும், அதனால பிரேக்கை கம்மியா தொட்டு வேகத்தோடவே உள்ள போகணும். அதுக்கு பிரேம் முறுக்காம நிக்கணும். ஆர்15க்கு 2008ல மொதல்ல வந்தப்பவே டெல்டாபாக்ஸ் பிரேம், ஹேண்டில் கழுத்துல இருந்து ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தை புடிச்சிருக்கிற கை) வரைக்கும் ரெண்டு அகலமான சட்டம் நேரா போகும். கேடிஎம் ஆர்சில ட்ரெல்லிஸ், ஸ்டீல் குழாய்ங்களை முக்கோணம் முக்கோணமா வெல்டு பண்ணது.

டயர் கதைய பாத்தா ஒரு விஷயம் தெரியும். மொத ஆர்15ல பின் டயர் 100 மில்லிமீட்டர் தான் அகலம், ஒல்லி டயர்னு எல்லாரும் கிண்டல் பண்ணாங்க, 2011ல வி2ல 130 ஆச்சு, 2018ல வி3ல 140. 17 பிஎஸ் வண்டிக்கு 100 டயரே போதும், லேசாவும் இருக்கும், சட்டுனு சாயும். 130, 140லாம் வந்ததுல பிடிமானத்துக்கு இருக்கிற பங்கை விட பின்னாடி இருந்து பாக்குறவங்க கண்ணுக்கு இருக்கிற பங்கு அதிகம்.

ஹோசூர்ல செய்யுற டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 இன்னொரு வழி. பிஎம்டபிள்யூ கூட சேந்து பண்ண 312 சிசி எஞ்சின், சிலிண்டரை பின்பக்கமா சாய்ச்சு, சிலிண்டர் தலைய திருப்பி வெச்சிருக்காங்க, காத்து முன்னாடி இருந்து உள்ள போய் புகை பின்னாடி வெளிய போகும். இப்படி வெச்சா எஞ்சின் எடை முன்னாடி நகந்து, ஸ்விங் ஆர்மை நீளமா வெக்க எடம் கிடைக்கும், வளைவுல இருந்து ஆக்சிலரேட்டர் திருகி வெளிய வரும்போது வண்டி அடங்கி நிக்கும். 2017 டிசம்பர்ல வந்தப்ப 34 பிஎஸ், 2024ல 38 பிஎஸ்.

எலக்ட்ரானிக்ஸ்: எது வேணும், எது மீட்டர்ல மட்டும்

1. ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்துனா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிறது): 125 சிசிக்கு மேல 2019 ஏப்ரல்ல இருந்து கட்டாயம். ஆனா அந்த சட்டத்துக்கு சிங்கிள் சேனல், அதாவது முன் சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலே போதும். ஆர்15ல ரெண்டு சக்கரத்துக்கும் இருக்கு. மழைல ஆயில் கசிஞ்ச ரோட்டுல இதோட அருமை தெரியும், இதுக்கு காசு கூட குடுக்கலாம்.
2. ஸ்லிப்பர் கிளட்ச்: ஆறுல இருந்து மூணுக்கு படபடன்னு இறக்கினா எஞ்சின் பின் சக்கரத்தை இழுத்துப் புடிக்கும், சக்கரம் துள்ளும். அந்த நேரம் கிளட்ச் கொஞ்சம் வழுக்கி விட்டுடும். கிளட்ச் லிவரும் லேசாயிடும், டிராஃபிக்ல கை வலி குறையறது இதுலதான்.
3. ட்ராக்‌ஷன் கன்ட்ரோல்: ஏபிஎஸ்சோட அதே சென்சார்தான், பின் சக்கரம் முன்னதை விட வேகமா சுத்துனா பவரை குறைக்கும். 18 பிஎஸ்ல காஞ்ச ரோட்டுல வேலை கம்மி.
4. குவிக் ஷிஃப்டர்: கியர் ராடுல ஒரு சென்சார், காலை தட்டுன உடனே இக்னிஷனை கண நேரம் நிறுத்தி கிளட்ச் புடிக்காம கியர் ஏற விடும். ஜாலியா இருக்கும். ஜாலி மட்டும்தான்.

சிசி கோடு யார் போட்டது?

இப்ப வரிக்கு வருவோம். 125, 150, 250, 350, 400ன்னு இந்த நம்பரெல்லாம் எஞ்சினியர் ஆசைப்பட்டு வெச்சது இல்ல, ஒவ்வொரு நாட்டு சர்க்கார் போட்ட கோட்டுக்கு கீழ போய் நிக்கிற நம்பர்.

ஐரோப்பால பதினாறு வயசு பையனுக்கு கிடைக்கிற ஏ1 லைசென்ஸ்ல 125 சிசி, 11 கிலோவாட், அதாவது 15 பிஎஸ் வரைக்கும்தான் ஓட்டலாம். கேடிஎம் ஆர்சி 125ங்கிற வண்டி ஏன் இருக்குன்னு இப்ப புரிஞ்சிருக்கும், அது நம்ம ஊருக்காக யோசிச்சது இல்ல, அதனாலதான் நம்ம ஊர் விலைக்கு 14.5 பிஎஸ்சான்னு ஆளுங்க மூக்கை சுளிச்சாங்க. அடுத்த படி ஏ2, 35 கிலோவாட் வரைக்கும், அதுக்குள்ள அழகா வந்து உக்காருது 43 பிஎஸ் ஆர்சி 390. ஜப்பான்ல 250 சிசி வரைக்கும் ஷாகென்ங்கிற கட்டாய சோதனை கிடையாது, அதோட 400 வரைக்கும் ஒரு லைசென்ஸ், அதனால அங்க 250, 400ன்னு ரெண்டு வகை. நம்ம நாட்டுல லைசென்ஸ்ல இந்த மாதிரி படி எதுவும் இல்ல, பதினெட்டு வயசு ஆனா கியர் பைக் லைசென்ஸ்ல 100 சிசியும் ஓட்டலாம் 1000 சிசியும் ஓட்டலாம் (இது சரியாங்கிறது தனி விவாதம்). அதுக்கு பதிலா நம்ம கோடெல்லாம் காசுல இருக்கு.

ஒரு கணக்கு. வரி இல்லாம 1,50,000 ரூபாய் வண்டின்னு வெச்சுக்கோங்க. பழைய 28 சதவீதத்துல 1,92,000, இப்ப 18 சதவீதத்துல 1,77,000, பதினஞ்சாயிரம் மிச்சம். அதே வரி இல்லாம 2,50,000 ரூபாய்க்கு 350க்கு மேல ஒரு வண்டி, முன்னாடி 28ம் 3 சதவீத செஸ்ஸும் சேத்து 3,27,500, இப்ப 40 சதவீதத்துல 3,50,000. கம்பெனி தன் கைல இருந்து கொஞ்சம் ஏத்துக்கலாம், ஏத்துக்காமயும் போகலாம், ஆனா கோடு அங்கதான் இருக்கு. 312 சிசி ஆர்ஆர் 310 இந்தப் பக்கம், 373 சிசி ஆர்சி 390 அந்தப் பக்கம். ரெண்டும் ஒரே சிலிண்டர், பவர்ல வித்தியாசம் அஞ்சு பிஎஸ் தான், வரில 22 சதவீத வித்தியாசம். எஞ்சின் கணக்குல இதுக்கு எந்த அர்த்தமும் இல்ல.

யாரும் கவனிக்காத இன்னொரு கோடு இன்சூரன்ஸ்ல இருக்கு. தேர்ட் பார்ட்டிக்கு (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற பாதிப்புக்கான கட்டாய இன்சூரன்ஸ்) சர்க்கார் வெச்சிருக்கிற படி 75லிருந்து 150 சிசி ஒன்னு, 150லிருந்து 350 ஒன்னு, அதுக்கு மேல ஒன்னு. புது வண்டிக்கு அஞ்சு வருஷம் சேத்து கட்டணும், 2022 ஜூன்ல வந்த ரேட்டு படி முதல் படிக்கு 3,851 ரூபாய், அடுத்ததுக்கு 7,365, மேல 15,117, ஜிஎஸ்டி இல்லாம. பழைய ஆர்15 149.8 சிசி, கோட்டுக்கு உள்ள இருந்துச்சு, வி3ல 155 ஆனவுடனே வெளிய போயிடுச்சு. அஞ்சு சிசி, மூவாயிரத்து ஐநூறு ரூபாய். ஆன் ரோடு பில்லுல இது எங்கயோ நடுவுல ஒரு வரியா போயிடும்.

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து ஒரு லட்சத்துக்கு மேல உள்ள டூ வீலருக்கு ரோடு டாக்ஸ் 12 சதவீதம், இதுல சிசி கணக்கே இல்ல, விலை கணக்குதான்.

டெய்லி ஓட்டுறவருக்கு என்ன ஆகும்

மேல சொன்ன எல்லாத்தையும் தாம்பரத்துல இருந்து கிண்டி வரைக்கும் காலைல ஒன்பது மணிக்கு ஓட்டிப் பாத்தா இப்படி இருக்கும். 7,400க்கு மேலதான் உயிர் இருக்கிற எஞ்சினை 4,000ல ஓட்டிட்டு இருப்பீங்க, விவிஏ விளக்கு பல்லாவரம் தாண்டியும் ஒரு தடவை கூட எரிஞ்சிருக்காது. நாலாவது கியர்ல 35ல போயிட்டு முன்னாடி ஒரு பஸ் விலகி வழி கிடைச்சா ஆக்சிலரேட்டரை திருகுனா மட்டும் பத்தாது, ரெண்டு கியர் இறக்கணும். க்ளிப் ஆன் ஹேண்டில் (ஒவ்வொரு பக்கமும் தனித்தனியா மாட்டுன குட்டை ஹேண்டில்) கீழ இருக்கிறதால பிரேக் புடிக்கிறப்பல்லாம் உடம்பு எடை மணிக்கட்டுல இறங்கும். 815 மில்லிமீட்டர் சீட்டு, அஞ்சடி நாலு அங்குலம் இருக்கிறவருக்கு சிக்னல்ல ஒரு கால்தான் ஒழுங்கா எட்டும். இதெல்லாம் குறை இல்ல, அந்த வண்டி எதுக்கு செஞ்சாங்களோ அதோட விலை, ஆனா இஎம்ஐ கட்டுறவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

பராமரிப்புல ரெண்டே விஷயம் கூடுதல். கூலண்ட் அளவு பாக்கணும், அதுல பைப் தண்ணி ஊத்தக் கூடாது, உள்ள துரு புடிச்சு ரேடியேட்டர் அடைச்சிடும். ரெண்டாவது, கீழ விழுந்தா ஃபேரிங் பேனல், வண்டி நின்ன எடத்துல சாஞ்சாலே ஒரு பக்கம் முழுக்க கீறல் விழுந்து லாக்கு உடையும், அதுக்காக பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காம பார்ட்ஸ் காசு குடுக்கிற) இன்சூரன்ஸ் மொத ரெண்டு வருஷமாவது போட்டு வெக்கிறது நல்லது.

டெஸ்ட் ரைடு கேக்கும்போது ஷோரூம்ல காலியா இருக்கிற சர்வீஸ் ரோட்டுலதான் ஓட்ட விடுவாங்க, அங்க எல்லா பைக்கும் நல்லாதான் இருக்கும். நெரிசலான ரோட்டுல ஒரு சுத்து கேளுங்க, மூணாவது கியர்ல 4,000ல ஒரு தடவை, 8,000ல ஒரு தடவை திருகிப் பாருங்க. வீட்ல பின்னாடி உக்காரப் போறவங்க யாரோ அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, அந்த மேடான குட்டி சீட்ல ஏறி மொத ஸ்பீட் பிரேக்கர் தாண்டுன உடனே அவங்களே பதில் சொல்லிடுவாங்க.